அணைக்குக் கீழே கிராப்பி: தண்ணீர் ஏறி இறங்கும்போது மீன் எங்கே நிற்கும்?

உலகத்திலேயே பெரிய வெள்ளைக் கிராப்பி என்று பதிவாகியிருக்கும் மீன், 1957 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஈனிட் அணையில் பிடிபட்டது. எடை 5 பவுண்டு 3 அவுன்ஸ், கிட்டத்தட்ட 2.35 கிலோ. நமக்குச் சாதாரணமாகக் கிடைப்பது முக்கால் பவுண்டு, ஒரு பவுண்டு மீன்தான். இரண்டு பவுண்டு மீன் ஒன்று மேலே வந்தாலே கரையில் நிற்பவர்கள் தங்கள் தூண்டிலை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள்.

வடக்கு மிசிசிப்பியில் இப்படி நான்கு அணைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. சார்டிஸ் 1940, அர்க்கபட்லா 1943, ஈனிட் 1952, கிரெனாடா 1954. 1927-இல் வந்த மிசிசிப்பி பெருவெள்ளத்துக்குப் பிறகு தீட்டிய வெள்ளத்தடுப்புத் திட்டங்களின் பகுதியாக ராணுவப் பொறியாளர் படை கட்டியவை. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் இருப்பவர்கள் ஐ-55 நெடுஞ்சாலையில் தெற்கே போனால் சார்டிஸ் ஒரு மணி நேரம், அதற்கடுத்து ஈனிட், அப்புறம் கிரெனாடா. ஏரிக்குள் கிராப்பி பிடிக்கப் படகு, மோட்டார், சோனார் என்று செலவு நீண்டுகொண்டே போகும். அணைக்குக் கீழே அது எதுவும் வேண்டாம். ஒரு கோலும், ஜிக் என்ற ஈயத்தலை வைத்த செயற்கை இரை ஒரு டப்பாவும் இருந்தால் கரையில் நின்றே பிடிக்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. போன சனிக்கிழமை வாளி நிறையத் தந்த இடம் இந்தச் சனிக்கிழமை ஒரு கடிகூடத் தராது. பெரும்பாலானவர்கள் உடனே ஜிக்கின் நிறத்தை மாற்றுகிறார்கள். மீனுக்கு நிறம் பிடிக்காமல் போய்விடவில்லை, அது இடம் மாறியிருக்கிறது. மதகிலிருந்து வரும் தண்ணீர் கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும். அணைக்குக் கீழே கிராப்பி பிடிப்பது என்றால் அந்த மாற்றத்தைப் படிப்பதுதான். இரை, நிறம், தூண்டில் நரம்பு எல்லாம் அதற்கு அப்புறம். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

1. அணை எப்போது, எதற்காகத் தண்ணீர் விடுகிறது?

முதலில் ஒரு விஷயம். இந்த ஊர்களில் 'ஸ்பில்வே' என்று எல்லோரும் சொல்வது, மதகிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர் வெளியேறும் கால்வாயை. ஏரி நிரம்பினால் மட்டும் வழிகிற உண்மையான ஸ்பில்வே வேறு இடத்தில் இருக்கும், பெரும்பாலான வருடங்களில் காய்ந்தே கிடக்கும். நீங்கள் போகவேண்டியது கால்வாய்க்கு.

இவை வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணைகள். அதனால் குளிர்கால மழைக்கு முன் ஏரியைக் காலி செய்து வைப்பார்கள். ஈனிட்டில் கோடைகால மட்டம் கடல்மட்டத்திலிருந்து 250 அடி, குளிர்கால மட்டம் 230 அடி. கிரெனாடாவில் 215-இலிருந்து 193-க்கு இறங்கும். இருபது அடிக்கு மேல் தண்ணீரை இலையுதிர்காலம் முழுக்க வெளியேற்றினால்தான் டிசம்பர் வாக்கில் குளிர்கால மட்டத்துக்கு வரும். ஆகவே அக்டோபர், நவம்பரில் கால்வாயில் நல்ல ஓட்டம் இருக்கும், அதுவும் பெரும்பாலும் சீராக. குளிர்காலம் முடியும்போது ஏரியை மறுபடி நிரப்பத் தொடங்குவார்கள், அப்போது மதகு குறுகும்.

அடுத்ததுதான் பலருக்குப் பிடிபடாத விஷயம். கனமழை பெய்தால் அணைக்குக் கீழே தண்ணீர் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே பெரும்பாலும் தலைகீழ். மழை கொட்டும்போது கீழே டெல்டா சமவெளியின் ஆறுகள் தாமாகவே நிரம்பி வரும். டாலஹாட்சியும் யாலபூஷாவும் கிரீன்வுட் ஊரில் சேர்ந்து யாசூ ஆறாகின்றன, அந்த ஆறுகள் தாங்கவேண்டும். அதனால் மேலே அணையில் மதகைச் சுருக்கி, வெள்ளத்தை ஏரியிலேயே பிடித்து வைப்பார்கள். கீழே ஆறு வடிந்த பிறகு மதகைத் திறந்து, பிடித்து வைத்ததை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் விடுவார்கள். வியாழக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது என்பதற்காகச் சனிக்கிழமைப் பயணத்தை ரத்து செய்யவேண்டியதில்லை. அன்று கால்வாய் அமைதியாக இருக்கலாம். வெயில் அடிக்கிற அடுத்த வாரம்தான் அது சீறிக்கொண்டு ஓடும்.

மின்சாரம் எடுக்கும் அணைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டென்னசி ஆற்றில் உள்ள கென்டக்கி அணை, பிக்விக் அணை போன்றவற்றில் மின்தேவைக்கு ஏற்ப மணிக்கு மணி தண்ணீர் மாறும். ஈனிட்டில் நாள்கணக்கில் பார்ப்பதை அங்கே மணிக்கணக்கில் பார்க்கவேண்டும். கீழே சொல்லும் மற்றதெல்லாம் இரண்டு வகைக்கும் பொருந்தும்.

2. கிளம்புமுன் எண்ணைப் பாருங்கள்

மேட்டூர் நீர்வரத்துச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கன அடிக் கணக்கு பழக்கமானதுதான். வினாடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28.3 லிட்டர். மிசிசிப்பி அணைகளின் ஏரி மட்டத்தையும் வெளியேற்றத்தையும் ராணுவப் பொறியாளர் படையின் விக்ஸ்பர்க் பிரிவு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. டென்னசி ஆற்று அணைகளுக்கு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் செயலியில் இன்றைய வெளியேற்றமும் அடுத்து வரப்போவதன் கணிப்பும் கிடைக்கும்.

எண்ணைப் பார்ப்பவர்களில் பலர் இன்றைய எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அது போதாது. முந்தைய மூன்று நான்கு நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். 1,500 கன அடி என்ற எண்ணுக்குத் தனியாகப் பெரிய பொருள் இல்லை. நான்கு நாளாக அதே 1,500 என்றால் மீன் தன் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்திருக்கும். நேற்று 300-ஆக இருந்து இன்று 1,500 ஆகியிருந்தால் எல்லா மீனும் இடம்தேடி அலைந்துகொண்டிருக்கும். நேற்று 3,000-ஆக இருந்து இன்று 1,500-க்கு இறங்கியிருந்தால் அது வேறொரு கதை. ஒரே எண், மூன்று வெவ்வேறு நாட்கள்.

எனக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், மூன்று நாளாக மாறாமல் ஓடும் தண்ணீரைத்தான் தேர்ந்தெடுப்பேன், கூடவோ குறையவோ அது எவ்வளவாக இருந்தாலும் சரி. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை கிடைப்பவருக்கு அந்த வசதி எங்கே? கிடைத்த தண்ணீரில்தான் பிடிக்கவேண்டும். அதற்குத்தான் ஐந்தாம், ஆறாம் படிகள்.

3. மீனைப் பற்றிக் கொஞ்சம்

கிராப்பி வட அமெரிக்காவுக்கே உரிய மீன், சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு வகை. வெள்ளைக் கிராப்பிக்கு உடம்பில் செங்குத்தான மங்கல் பட்டைகள், முதுகுத் துடுப்பில் 5 அல்லது 6 முட்கள். கறுப்புக் கிராப்பிக்குப் புள்ளிகள் தாறுமாறாகத் தெளித்த மாதிரி இருக்கும், முட்கள் 7 அல்லது 8. சந்தேகம் வந்தால் முட்களை எண்ணிவிடுங்கள், நிறத்தை நம்பவேண்டாம்.

பிடிப்பவர் தெரிந்துகொள்ளவேண்டியவை மூன்று. ஒன்று, உதட்டைச் சுற்றியுள்ள சவ்வு காகிதம்போல மெல்லியது. வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும். இரண்டு, கண்கள் மேல்நோக்கிய மீன் இது. தனக்கு மேலே போகும் இரையை ஏறிவந்து எடுக்கும், கீழே போவதற்குக் குனிவது அபூர்வம். மூன்று, ஓட்டத்தில் நிற்க விரும்பாது. உடல் தட்டையாக, அகலமாக இருப்பதால் ஓடும் தண்ணீரில் நீந்துவது அதற்குப் பெரிய உழைப்பு.

அப்படியானால் ஓட்டம் பிடிக்காத மீனுக்கு அணைக்குக் கீழே என்ன வேலை? சாப்பாடுதான். ஏரியிலிருந்து ஷாட் என்ற சிறு வெள்ளி மீன்கள் மதகுக் குழாய் வழியாக அடித்துக்கொண்டு வந்து, மயங்கியும் அடிபட்டும் கீழே விழுகின்றன. குளிர்காலத்தில் இது இன்னும் கூடுதல். நூலிழை ஷாட் வகை குளிர் தாங்காது, தண்ணீர் 5 பாகை செல்சியஸ் பக்கம் இறங்கினால் செத்து மிதக்கத் தொடங்கும். கிராப்பிகளில் ஒரு பகுதியும் அதே குழாய் வழியாக ஏரியிலிருந்து வருபவை. மற்றவை ஆற்றில் ஏறிவந்து அணை மறிப்பதால் அங்கேயே தங்குபவை. ஓட்டம் கொண்டுவரும் சாப்பாடு வேண்டும், ஓட்டத்தில் நிற்கும் சிரமம் வேண்டாம். இந்த இரண்டும் சேரும் இடம்தான் கிராப்பியின் இடம்.

4. சாமான்கள்

இங்கே அதிகம் செலவழிக்காதீர்கள். பாறைகளுக்கு நடுவே எதையும் தொலைக்க நேரும்.

ரீல் இல்லாத 10 அடிக் கோல் ஒன்று. நம் ஊர் மூங்கில் தூண்டிலின் கண்ணாடியிழை வடிவம்தான், கரையோரக் கற்களுக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. கூடவே ஆறரை அல்லது ஏழு அடி லேசான ஸ்பின்னிங் ராடு ஒன்று, தூரத்துக்கு எறிய. 6 முதல் 8 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு. ஏரியில் 4 பவுண்டு போதும் என்பார்கள், அணைக்குக் கீழே கல் அறுத்துவிடும்.

ஜிக் மூன்று எடையில் வேண்டும்: தேங்கிய தண்ணீருக்கு 1/32 அவுன்ஸ், பொதுவாக 1/16, ஓட்டம் பலமாக இருக்கும்போது 1/8. நிறத்துக்கு ஒரே விதி: கலங்கலில் கறுப்பும் பச்சைமஞ்சளும் கலந்தது, தெளிவான தண்ணீரில் வெள்ளை அல்லது சாம்பல். உயிர் இரை போடுவதானால் மெல்லிய கம்பியில் செய்த 2 அல்லது 4-ஆம் எண் தூண்டில் முள். மெல்லிய முள் கல்லில் சிக்கினால் இழுக்கும்போது நிமிர்ந்து வெளியே வந்துவிடும், விரலால் வளைத்து மறுபடி பயன்படுத்தலாம். நரம்பில் ஏறி இறங்கும் வழுக்குத் தக்கை, அதை நிறுத்தும் நூல் முடிச்சு, சின்ன ஈயக்குண்டுகள், நீளமான கைப்பிடி உள்ள வலை. வலையை மறக்கவே கூடாது. மெல்லிய வாய்கொண்ட மீனைக் கல்மேட்டில் தூக்கினால் பாதி தண்ணீருக்கே திரும்பிவிடும்.

உயிர்காப்பு மேலாடையும் இந்தப் பட்டியலில்தான் சேரும். கரையில்தானே நிற்கிறோம் என்று விட்டுவிடாதீர்கள். மதகுக்குக் கீழே தண்ணீர் சுழன்று, மிதப்பவரை மதகை நோக்கித் திரும்ப இழுத்து அடியில் அமுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது விடாது. பல அணைகளில் மதகைத் திறக்குமுன் சங்கு ஊதுவார்கள், விளக்கு சுழலும். சங்கு கேட்டால் உடனே மேலே ஏறுங்கள், நரம்பு சிக்கியிருந்தால் அறுத்துவிட்டு ஏறுங்கள். சங்கை மட்டுமே நம்பியும் இருக்கக்கூடாது. தடைசெய்த பகுதி என்று பலகை இருக்கும் இடத்தைத் தாண்டாதீர்கள், தண்ணீரில் இறங்கி நிற்காதீர்கள், குழந்தைகளைக் கல்லடுக்கில் விளையாட விடாதீர்கள். வெயில்காலத்தில் அந்தக் கற்களின் இடுக்கில் காட்டன்மவுத் என்ற நச்சுப்பாம்பு படுத்திருக்கும். கையை வைக்குமுன் பார்த்து வையுங்கள்.

5. கரைக்கு வந்ததும் கோலை எடுக்காதீர்கள்

பத்து நிமிடம் சும்மா பாருங்கள். இந்தப் பத்து நிமிடம்தான் மற்றவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

முதலில் கற்களைப் பாருங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேலே கல்லில் கருத்த ஈரப்பட்டை தெரிகிறதா? நான்கு விரல் அகலம் ஈரமாகவும் அதற்கு மேலே வெளிறியும் இருந்தால் தண்ணீர் சற்று முன்தான் இறங்கியிருக்கிறது. பட்டையில் விரலை வையுங்கள். சில்லென்று வழுக்கினால் இப்போதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. தொட்டால் சேறு பொடியாக உதிர்ந்தால் இறங்கி நேரமாகிவிட்டது. ஈரப்பட்டையே இல்லாமல் தண்ணீர் நேராகக் காய்ந்த கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால், காய்ந்த சருகும் குச்சியும் விளிம்பில் மிதந்தால், தண்ணீர் ஏறுகிறது. பிறகு விளிம்பில் ஒரு குச்சியைக் குத்தி வையுங்கள், அல்லது ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். அரைமணிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். இணையதள எண் சில மணி நேரம் பழையதாக இருக்கலாம், இந்தக் குச்சி சொல்வது இந்த நிமிடத்தின் நிலவரம்.

அடுத்து நுரையைப் பாருங்கள். நுரை எங்கே வேகமாகப் போகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே எதிர்த்திசையில் திரும்புகிறது? வேகத் தண்ணீரும் தேங்கிய தண்ணீரும் உரசும் இடத்தில் ஒரு கோடு தெரியும். ஒரு பக்கம் சுருக்கமாக, மறுபக்கம் வழவழப்பாக. அந்தக் கோட்டின் வழவழப்பான பக்கத்தில், கோட்டிலிருந்து ஒரு முழம் இரண்டு முழத்துக்குள் கிராப்பி நிற்கும். வேகத்தில் போகும் ஷாட் கோடு தாண்டி இந்தப் பக்கம் ஒதுங்கியதும் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கோடு உருவாகும் இடங்கள்: மதகின் பக்கச் சுவர் முடியும் மூலை, கரைக்கல் அடுக்கு தண்ணீருக்குள் மூக்குபோல நீண்டிருக்கும் இடம், தனியாகக் கிடக்கும் பெரிய பாறையின் கீழ்ப்பக்கம், கால்வாய் வளையும்போது உள்வளைவு, சரிந்து விழுந்த மரம். கூட்டம் எப்போதும் மதகுக்கு மிக அருகில்தான் நிற்கும். மீன் எப்போதும் அங்கே நிற்பதில்லை. கால்வாயில் கீழே நூறு இருநூறு கஜம் நடந்து பார்க்கச் சோம்பல்படாதீர்கள்.

6. தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது?

*சீராக ஓடும்போது.* எளிய நாள் இது. கோடுகள் அசையாமல் இருக்கும், மீன் கோட்டோரம் இருக்கும். ஒரு கோட்டில் ஒன்று கிடைத்தால் அதே கோட்டின் அதே ஆழத்தில் இன்னும் இருக்கும். நகரவேண்டாம்.

*ஏறும்போது.* மதகு திறந்த முதல் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தண்ணீர் குப்பையும் சேறுமாக வரும். பழைய கோடுகள் கலைந்து புதியவை உருவாகாத நேரம். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புபவர்கள் இந்த நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். நீங்கள் தேநீர் குடித்தபடி காத்திருங்கள், வாளியையும் பையையும் நாலு கல் மேலே ஏற்றி வையுங்கள். தண்ணீர் ஏற ஏற மீன் நடுவிலிருந்து கரைக்கு ஒதுங்கும். முதலில் வெளியே தெரிந்த கற்கள் இப்போது முழுகியிருக்கும், அவற்றின் பின்னால் புதிதாகச் சின்னச் சின்ன நிழல்கள் உருவாகியிருக்கும். உங்கள் காலடியிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் மீன் இருக்கும் நேரம் இது. ராடை வைத்துவிட்டு நீளக் கோலை எடுங்கள். விளிம்பை ஒட்டி, இரண்டு மூன்றடி ஆழத்தில், ஒவ்வொரு கல்லின் கீழ்ப்பக்கத்திலும் ஜிக்கை இறக்கி நான்கைந்து வினாடி வைத்து எடுங்கள். பின்னால் தள்ளி நில்லுங்கள், உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. தண்ணீருக்குள் போன புதரோ புல்லோ இருந்தால் அதன் உள்ளேயே இறக்குங்கள்.

*உச்சத்தில், வெறிகொண்டு ஓடும்போது.* மதகருகே நேரத்தை வீணாக்காதீர்கள். ஓட்டத்திலிருந்து ஒதுங்கிய குட்டை, பக்கவாய்க்கால், படகு இறக்கும் சரிவின் ஓரம், பாலத்தூணின் பின்பக்கம் என்று தேடிப் போங்கள். சார்டிஸில் அணைக்குக் கீழேயே 'லோயர் லேக்' என்ற தனி ஏரி இருக்கிறது, ஓட்டம் முரட்டுத்தனமாக இருக்கும் நாளில் அங்கே போய்விடலாம். பாதுகாப்பாக நிற்க இடம் இல்லை என்று தோன்றினால் அன்று மீன் வேண்டாம்.

*இறங்கும்போது.* மாறும் தண்ணீரில் எனக்கு மிகவும் பிடித்த நிலை இதுதான், அதுவும் மெதுவாக இறங்கினால். கரையோரம் ஒதுங்கியிருந்த மீன் மட்டம் குறைவதை உணர்ந்து ஆழத்தை நோக்கிப் பின்வாங்கும். ஒரேயடியாகப் போகாது, படிப்படியாகப் போகும். கல்லடுக்கு முடிந்து அடிமண் தொடங்கும் சரிவு முதல் படி. பெரும்பாலும் கரையிலிருந்து பத்துப் பதினைந்து அடியில் இருக்கும். கற்களுக்கிடையே ஒளிந்திருந்த மீன்குஞ்சுகளும் அப்போது வெளியே வந்தாகவேண்டும், கிராப்பி அவற்றுக்காகச் சரிவில் காத்திருக்கும். காலையில் காலடியில் பிடித்தவர் மதியமும் காலடியிலேயே போட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. குச்சியைப் பாருங்கள்: அது ஒரு சாண் வெளியே தெரிந்தால் நீங்களும் இரண்டு மூன்றடி வெளியே போடுங்கள், தக்கைக்குக் கீழே ஆழத்தையும் கூட்டுங்கள்.

ஒரே நாளில் மதகைப் பெரிதாகச் சுருக்கிவிட்டால் கணக்கு மாறும். அப்போது மீன் நேராக ஆழமான நடுக்குழிக்குப் போய்விடும். மறுநாள்வரை கடி மந்தமாக இருக்கும்.

*மதகு மூடியிருக்கும்போது.* ஓட்டமே இல்லை என்றால் ஒரு குளத்தில் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் இல்லாததால் மீன் ஒரே இடத்தில் சேராது, நடுநீரில் சிதறி மிதக்கும். தண்ணீர் தெளியத் தொடங்கும், மீன் கூச்சப்படும். 1/32 ஜிக், மெல்லிய நரம்பு, சின்னத் தக்கை. அதிகாலையும் மாலை மங்கும் நேரமும்தான் நல்ல நேரம். மதகுத் தொட்டியின் சுவர் நிழல் விழும் பக்கத்தை, அனுமதி உள்ள தூரத்திலிருந்து முயன்று பாருங்கள்.

7. இரையை மீனிடம் சேர்ப்பது

ஓட்டமுள்ள நாளில் இரை ஓட்டத்தின் வேகத்திலேயே போகவேண்டும். மயங்கிய ஷாட் எதிர்நீச்சல் போடாது. கோட்டுக்கு மேல்பக்கமாக, சாய்வாக எறியுங்கள். தக்கை பக்கத்தில் மிதக்கும் நுரையோடு ஒன்றாகப் போகிறதா என்று பாருங்கள். நுரையைவிட மெதுவாகப் போனாலோ, பின்னால் 'வி' வடிவில் கோடு விழுந்தாலோ, நடுவில் கிடக்கும் நரம்பு தக்கையை இழுக்கிறது. கோல் நுனியைத் தூக்கி நரம்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும். நீளக் கோலின் பெரிய பயனே இதுதான்.

ஆழத்தை மேலிருந்து தொடங்குங்கள். மீன் ஏறிவந்து எடுக்கும், இறங்கி வராது. இரண்டடியில் தொடங்கி, நாலைந்து முறை போட்டும் கடி இல்லையென்றால் முடிச்சை அரையடி நகர்த்துங்கள். ஒரு கடி வந்த ஆழத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் மட்டம் மாறும்வரை அதுதான் அன்றைய ஆழம்.

தக்கை இல்லாமல் ஜிக்கை எறிவதானால் விழுந்ததும் மனதுக்குள் எண்ணுங்கள். மூன்று எண்ணி மெதுவாகச் சுற்றுங்கள், அடுத்த முறை ஐந்து, அப்புறம் ஏழு. கடி எந்த எண்ணில் வந்ததோ அதிலேயே நில்லுங்கள். எடையைத் தேர்வு செய்ய எளிய சோதனை: ஜிக் ஒவ்வொரு முறையும் அடிக்கல்லைத் தட்டினால் எடை அதிகம். நரம்பு காற்றாடி நூல்போல வளைந்து ஜிக் மேலேயே அடித்துக்கொண்டு போனால் எடை குறைவு.

மினோ என்ற சிறு இரைமீனை உயிரோடு போடுவதானால், ஓட்டத்தில் இரண்டு உதட்டையும் சேர்த்துக் குத்துங்கள், தலை ஓட்டத்தைப் பார்த்து இயல்பாக நிற்கும். தேங்கிய தண்ணீரில் முதுகுத் துடுப்புக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பைத் தொடாமல் குத்தினால் நெடுநேரம் உயிரோடு துள்ளும்.

8. கடியும் தூக்கலும்

கிராப்பி தக்கையை எப்போதும் கீழே இழுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரையை வாயில் வைத்துக்கொண்டு மேலே ஏறும். அப்போது ஈயத்தின் கனம் தக்கையிலிருந்து நீங்கும், நிமிர்ந்து நின்ற தக்கை சத்தமில்லாமல் பக்கவாட்டில் படுத்துவிடும். புதியவர்கள் தக்கை முழுகட்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், மீன் துப்பிவிட்டுப் போய்விடும். தக்கை படுத்தால் கடிதான். தக்கை இல்லாதபோது நரம்பில் 'டக்' என்று ஒரு தட்டல், அல்லது திடீரென்று தொய்வு. இரண்டும் கடி.

வெட்டி இழுக்காதீர்கள். மணிக்கட்டைத் தூக்கினால் போதும், கோல் வளைந்து முள் தானே ஏறிவிடும். பிறகு நரம்பு தொய்யாமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். மீனை ஓட்டத்துக்கு எதிராக இழுத்தால் தண்ணீரின் பலமும் சேர்ந்து உதட்டைக் கிழிக்கும். நீங்களே நாலடி கீழே இறங்கி நடந்து, மீனைத் தேங்கிய தண்ணீருக்குத் திருப்பி வலையில் ஏந்துங்கள்.

எல்லாக் கடியும் கிராப்பியாக இருக்காது. வெள்ளை பாஸ், டிரம், கெளுத்தி, பஃபலோ எல்லாம் அங்கேதான் கூடும். கோல் ஒடிகிற மாதிரி இழுத்துக்கொண்டு நடு ஓட்டத்துக்குப் போனால் அது கிராப்பி இல்லை.

9. அனுமதியும் விதிகளும்

மிசிசிப்பியில் 16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். டென்னசி உரிமம் அங்கே செல்லாது, வெளிமாநிலத்தவருக்கான உரிமத்தை இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். நாளுக்கு எத்தனை மீன், குறைந்தபட்ச நீளம் எவ்வளவு என்பது ஏரிக்கு ஏரி வேறுபடும். மாநில வனவிலங்கு மீன்வளத் துறையின் அந்த வருட விதியை அந்தந்த அணையின் பெயரில் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். அளக்கும் பட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். அணைக்குக் கீழே பிடித்த இரைமீனை உயிரோடு வாளியில் எடுத்துப்போய் மேலே ஏரியில் விடவோ, அங்கே இரையாகப் பயன்படுத்தவோ கூடாது. ஆசியாவிலிருந்து வந்த வெள்ளிக் கெண்டை மிசிசிப்பி ஆற்று வழியாக ஏறிவந்து பெருகியிருக்கிறது. அதன் குஞ்சும் ஷாட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இன்றைக்கு அதை ஏரிக்குள் விடாமல் தடுத்து நிற்பது அந்த அணைச்சுவர்தான். ஒரு வாளித் தண்ணீர் அதைத் தாண்டிவிடும்.

10. சமையல்

மீனைப் பிடித்ததும் ஐஸில் போடுங்கள். கயிற்றில் கோவையாகக் கட்டித் தண்ணீரில் விட்டால் ஆமையும், கார் (gar) என்ற நீள்மூக்கு மீனும் உங்களுக்கு முன்னால் சாப்பிட்டுவிடும், தண்ணீர் ஏறினால் கோவையே போய்விடும். கிராப்பி சதை வெள்ளையாக, மிக மிருதுவாக இருக்கும். மிசிசிப்பியில் சோளமாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள், அது அருமையான வழி. நம் கைப்பக்குவத்துக்கு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு மட்டும் தடவி, தோசைக்கல்லில் கொஞ்சம் அரிசிமாவு தூவி வறுத்தால் போதும். இஞ்சி பூண்டு விழுது அதிகமானால் மீனின் ருசி அடங்கிவிடும்.

அதே கால்வாயில் பெரிய பாஸோ பெரிய கெளுத்தியோ கிடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதானால், மாநிலத்தின் பாதரச எச்சரிக்கையை ஒருமுறை பாருங்கள். மிசிசிப்பியின் சில நீர்நிலைகளில் அந்த மீன்களுக்கு அளவு சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால் கட்டாயம் பார்க்கவேண்டும்.

குழம்பில் போட ஆசைப்பட்டால் துண்டாக்காமல், தலையை மட்டும் நீக்கிவிட்டு முழுதாகப் போடுங்கள். வஞ்சிரம் மாதிரி கொதியைத் தாங்காது. புளியும் மசாலாவும் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு மீனை இறக்கி, கரண்டி போடாமல் சட்டியை மட்டும் லேசாகச் சுழற்றி, ஐந்தாறு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.